பாலாடையில் வெட்டிய பேர்

கையை எடுங்க தம்பி. கண்ணாடியில் ரேகை விழுந்தால் உள்ளே இருக்கிற சாமான் மங்கித் தெரியும். காலையில்தான் துடைத்து வைத்தேன். இல்லை இல்லை, நான் இங்கே வேலை பார்க்கிறவள் இல்லை. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற மூஞ்சியா இது? அருப்புக்கோட்டை பஜாரில் இறங்கி, சீனியம்மாள் பாத்திரக்கடை என்று சொல்லுங்க. ஆட்டோக்காரன் மறுபேச்சுப் பேசாமல் கொண்டுவந்து விடுவான். அந்தச் சீனியம்மாள் நான்தான். கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உட்காருங்க. எந்த ஊர்? சாயல்குடியா? அப்போது கமுதி வழியாகத்தானே பஸ். சரி சரி. ஒன்றுமில்லை, வருகிறவர்களை எல்லாம் எந்த ஊர் என்று கேட்பது பழக்கம். யாவாரப் புத்தி. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, நிதானமாகப் பாருங்க. இன்றைக்குத்தான் கடைசி நாள். சாயங்காலம் அவரவர் சாமானை அவரவர் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் ஒரு பிள்ளை வர வேண்டியிருக்கிறது. கடைசி நாள் என்று அவளுக்கும் தெரியும். வருவாள்.

அந்த டார்ச் லைட்டைப் பாருங்க. டூரிங் டாக்கீஸில் இருட்டில் ஆளை உட்கார வைக்கிறதற்கு அடித்தது. பக்கத்தில் தந்தி ஆபீஸ் மணி. இந்தப் பெரிய வெண்கல உருளி, ரிட்டயர்டு தாசில்தார் வீட்டுச் சாமான். கீழே லைப்ரரி, மேலே இந்த ஒற்றை அறை மியூசியம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆள்தான், நூலகர் ஜெபமணி சார். ‘நம்ம ஊரு, நம்ம வீட்டுச் சாமான்’ என்று போர்டு எழுதி வைத்து, வீடு வீடாகப் போய்ப் பழைய பொருளை இரவல் வாங்கி அடுக்கியிருக்கிறார். சனிக்கிழமை சனிக்கிழமை கூட்டம். சாமானுக்குச் சொந்தக்காரர் வந்து அதன் கதையைச் சொல்லணும். காலேஜ் பிள்ளைகள் கேட்டு அட்டை எழுதி வைக்கும்.

கடைசியில் இருக்கிறதே இந்தப் பெட்டி, இது என்னுடையது. அண்டா, குடம், தாம்பாளம், தூக்குவாளி, சம்புடம். எல்லாம் எவர்சில்வர். அந்தத் தாசில்தார் திறப்பு விழா அன்றைக்கு வந்து பார்த்துவிட்டு, “எவர்சில்வருக்கெல்லாம் என்னம்மா வரலாறு?” என்றார். மூக்குக்கண்ணாடியை வேறு இறக்கிவிட்டுக்கொண்டு. எனக்கு வந்ததே கோபம். “ஐயா, இப்ப உங்க வீட்டு அடுப்படியில ஏறியிருக்கிறது உருளியா, எவர்சில்வரா? அதச் சொல்லிட்டு அப்பறம் பேசுங்க” என்றேன். பக்கத்தில் நின்ற அவர் சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் இந்தப் பெட்டிப் பக்கம் வரவில்லை.

எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருக்கிறது பாருங்க. சீனியம்மாள், சீனியம்மாள், சீனியம்மாள். விளிம்பில் புள்ளி புள்ளியாய். இப்போது மிஷின் பேனாவை வைத்து டர்ரென்று கிறுக்கிக் கொடுக்கிறானே, அது இல்லை. சின்ன உளியால் தட்டித் தட்டி வெட்டினது. என் கடை வாசலிலேயே பேர் வெட்டுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு கரண்டி விடாமல் வெட்ட வைத்தேன். என் தங்கச்சி கல்யாணச் சீர் இது.

ஆமாம், தங்கச்சி. அமுதா. எங்களுக்கு அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். அவள் அப்போது பால்பல் விழாத பிள்ளை. நான் தாவணி கட்டியும் கட்டாமலும் இருந்த பருவம். சொந்தக்காரன் ஒருத்தன் வந்து, மூத்ததை நான் கட்டிக்கிறேன், சின்னதை எங்கேயாவது விடுதியில் சேர்த்துவிடலாம் என்றான். அவனை விளக்குமாற்றால் அடித்தேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே அடித்தேன். மறுநாள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினவள்தான். பழைய துணிக்குப் பாத்திரம். பார்த்திருப்பீங்களே. வீட்டம்மா கிழிசல் சட்டையைக் கொண்டுவந்து போட்டு, குண்டான் கேட்பாள். நான் டம்ளர் என்பேன். அவள் இன்னொரு சேலையைப் போடுவாள். நான் டம்ளரைத் தூக்கிக் கூடைக்குள் வைத்துவிட்டு, கூடையைத் தலைக்கு ஏற்றுவேன். அங்கேதான் யாவாரம் இருக்கிறது. கூடை தலைக்கு ஏறினதும் அவள் கூப்பிடணும். நான் திரும்பிப் பார்த்தேன் என்றால் தோற்றேன்.

கடை வைத்த பிறகும் அதே கணக்குத்தான். என் கடைக்கு இரண்டு படி. விலை படியாதவர்கள் இறங்கிப் போவார்கள். போகட்டும். முதல் படியிலோ இரண்டாம் படியிலோ திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால், வாங்க, உங்களுக்காக ஒரு விலை போடுகிறேன் என்று கூப்பிடணும். பார்க்காமல் ரோட்டில் இறங்கிவிட்டால் விட்டுவிடணும். ஓடிப்போய்க் கூப்பிட்டால் நம் சாமானுக்கு மதிப்பு இல்லை. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை தம்பி. வெயிலும் செருப்பில்லாத காலும் சொல்லித் தந்தது. இந்த வயது வரைக்கும் ஒரு பேரத்திலும் நான் தோற்றதில்லை.

அமுதாவைப் படிக்க வைத்தேன். நான் கட்டாத பட்டை அவளுக்குக் கட்டினேன். கமுதியில் மாப்பிள்ளை பார்த்தேன். சௌந்தர் என்று பேர், சைக்கிள் கடை வைத்திருந்தான், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே. இப்போது டூவீலர் மெக்கானிக். அவன் அம்மாக்காரி அன்னத்தாய் சீர் சாமானைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, பொண்ணு பேர வெட்டாம உன் பேர வெட்டியிருக்க?” என்று கேட்டாள். “குடுத்தது நானில்ல?” என்றேன். அமுதா என் முழங்கையைக் கிள்ளினாள். கிள்ளினால் என்ன? உழைத்தவள் பேர்தானே வரணும். சொல்லுங்க.

பிள்ளை பிறந்தது. பொம்பளைப் பிள்ளை. நிவேதா என்று பேர் வைத்தார்கள். நான் இங்கேயிருந்து ஒரு பாலாடை கொண்டு போனேன். அதோ, தாம்பாளத்தில் நடுவில் வைத்திருக்கிறதே, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், அதுதான். பச்சைப் பிள்ளைக்குப் பால் புகட்டுகிறது. அதில் மட்டும் அமுதா என் பேரை வெட்ட விடவில்லை. “அக்கா, இது பிள்ளை சாமான். பிள்ளை பேருதான்” என்று ஒற்றைக் காலில் நின்றாள். கமுதியிலேயே ஆளைப் பிடித்து அவளே வெட்ட வைத்தாள். கோணல்மாணலாய் இருக்கிறது பாருங்க. ‘சௌ. நிவேதா, கமுதி’. கடைக்காரியாக எனக்கு அந்த வேலைப்பாடு பிடிக்கவே இல்லை.

அந்தப் பிள்ளை கவிழ்ந்து படுக்கிறதற்கு முன்னாடியே அமுதா போய்விட்டாள். மஞ்சக்காமாலை. எனக்குத் தகவல் சொன்னபோது கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஆளையே அடையாளம் தெரியவில்லை. நான் போய் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி வழியிலேயே… சரி விடுங்க.

காரியம் முடிந்த மறுநாள் பெரியவர்களை வைத்துப் பேச்சு. நான் பிள்ளையைக் கேட்டேன். “எந்தங்கச்சியத்தான் கொன்னுட்டீங்க. பிள்ளையக் குடுங்க, நான் வளக்குறேன்” என்றேன். அன்னத்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “எங்க வீட்டுப் பிள்ளை எதுக்கு உங்கிட்ட வரணும்?” என்றாள். வார்த்தை தடித்தது. எனக்கும் தடித்தது. அப்போதுதான் நான், “அப்ப எஞ்சாமான எடுத்து வைங்க. ஒண்ணு விடாம எம் பேரு வெட்டியிருக்கு. யாரு பேரோ அவங்க சாமான்” என்றேன். சபையில் இருந்த பெரியவர் ஒருத்தர் அண்டாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆமாப்பா, அந்தம்மா பேருதான் இருக்கு. நியாயந்தான?” என்றார்.

அன்னத்தாய் என்ன சொன்னாள் தெரியுமா? “தாராளமா எடுத்துட்டுப் போ. பேரு வெட்டியிருக்குல்ல, எடுத்துக்க. பிள்ளை மேல உம் பேரு வெட்டலையே. அதனால பிள்ளை இங்க இருக்கட்டும். இனி இந்த வாசல மிதிக்காத.”

எப்படி இருக்கும்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீங்க? “உங்க வாசல மிதிச்சா நான் சீனியம்மா இல்லடி” என்று சொல்லிவிட்டு, வேனை வரச் சொல்லி, சாமானை எல்லாம் ஏற்றினேன். சௌந்தர் சுவரைப் பார்த்து நின்றான். கரண்டி, கிண்ணம், அரிசி அள்ளுகிற படி, ஒன்று விடவில்லை. அழுதுகொண்டே ஏற்றினேன் என்று வையுங்க. ஆனால் நான் கணக்கில்லாமல் செய்யவில்லை தம்பி. ஆம்பளை வீடு. கிழவிக்கு முட்டிவலி. பச்சைப் பிள்ளை. எத்தனை நாளைக்குத் தாக்குப் பிடிப்பார்கள்? ஒரு மாசம் போனால் அவர்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, ‘அம்மா தாயே, நீயே வச்சுக்க’ என்று நிற்பார்கள் என்றுதான் வந்தேன். கூடையைத் தலைக்கு ஏற்றிவிட்டேன். அவ்வளவுதான். கூப்பிட வேண்டியது அவர்கள்.

கூப்பிடவில்லை. அவர்களுக்குப் பேரம் தெரியவில்லை. அது என் தப்பா?

வீட்டுக்கு வந்து அண்டாவைக் கவிழ்த்தால் உள்ளேயிருந்து இந்தப் பாலாடை விழுகிறது. அவசரத்தில் இதுவும் வந்துவிட்டது. மூக்கில் காய்ந்த பால் ஒட்டியிருந்தது. உடனே திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். கமுதிக்குத் தினமும் சரக்கு போகிறது, கொடுத்து அனுப்ப ஆளா இல்லை? ஆனால் அனுப்பினால், நான் இறங்கி வந்துவிட்டேன் என்று ஆகிவிடும். அவர்களே கேட்டு வரட்டும் என்று வைத்தேன். அப்படியே இருந்துவிட்டது.

அந்தச் சாமானில் ஒன்றைக்கூட நான் விற்கவில்லை. ஒன்றைக்கூட அடுப்பில் ஏற்றவில்லை. கடையில் விற்கிற தட்டில்தான் சாப்பிடுகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் எடுத்துத் தேய்த்துக் கழுவிக் கவிழ்ப்பேன். பாலாடையை மட்டும் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் அலசுவேன். ஏனென்று கேட்காதீங்க.

இங்கே எப்படி வந்தேன் என்றுதானே கேட்டீங்க? ஜெபமணி சார் கடைக்கு வந்தார். பேர் வெட்டின பழைய பாத்திரம் இருந்தால் கண்காட்சிக்குக் கொடுங்கள் என்றார்.

“கிலோ என்ன விலைக்கு எடுப்பீங்க?”

“விலைக்கு இல்லம்மா. இரவலுக்கு. நம்ம ஊர் வரலாறு…”

“ஊர் வரலாறுக்கு நான் எதுக்குச் சாமான் குடுக்கணும்? ஊர் எனக்கு என்ன குடுத்துச்சு?”

அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே முதல் படி இறங்கினார். “உங்க இஷ்டம்மா. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இருக்குற ஆர்வம்கூட உள்ளூர்ல இல்ல. கமுதில இருந்து ஒரு பிள்ளை பஸ் ஏறி வந்து அட்டை எழுதுது. இங்கதான் காலேஜ்ல படிக்குது. அவங்கப்பா சௌந்தர்தான் என் வண்டிக்கு இஞ்சின் பாப்பாரு. நிவேதான்னு பேரு, தங்கமான பிள்ளை” என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் படியும் இறங்கி ரோட்டில் கால் வைத்துவிட்டார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

“சார், நில்லுங்க!” என்று கத்தினேன். ரோட்டில் இறங்கின ஆளை என் வாழ்நாளில் கூப்பிட்டது அது ஒரு தடவைதான். வேறு ஒன்றுமில்லை. ஊர் வரலாறு என்று சொல்கிறார்களே, நம் பங்கும் இருக்கட்டும் என்றுதான்.

கொண்டுவந்தேன். மூலையில் வைக்கப் பார்த்தார். விடுவேனா? சண்டை போட்டு இந்த ஜன்னல் ஓரப் பெட்டியை வாங்கினேன். பெஞ்சும் நான் கேட்டுப் போடச் சொன்னதுதான். அடுத்த சனிக்கிழமை கண்டாங்கிச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, தலைக்கு மை அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

படியேறி வந்தாள் தம்பி. அமுதா நடக்கிற மாதிரியே தோளை ஒரு பக்கம் சாய்த்து நடை. முந்தானையால் பெட்டிக் கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தேன்.

“ஆன்ட்டி, இது உங்க சாமானா? ஒவ்வொண்ணா சொல்றீங்களா, நான் எழுதிக்கிறேன்” என்றாள். ஆன்ட்டியாம். சொன்னேன். அண்டா எங்கே அடித்தது, எந்த ரகத் தகடு, பேர் எப்படி வெட்டுவார்கள் என்று எல்லாம் சொன்னேன். ஆசை ஆசையாய்க் கேட்டாள். “உங்க கல்யாணச் சாமானா?” என்றாள். “எனக்கு எங்க கல்யாணம்? சாமான் விக்கவே நேரம் பத்தல” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது. அது எங்கள் அம்மா வழி. அந்தச் சௌந்தர் குடும்பத்தில் எவனுக்கும் கிடையாது.

அப்படியே கையை விட்டுப் பாலாடையை எடுத்தாள். “அய்யோ, இதுல எம் பேரு!” என்று முதலில் சிரித்தாள். திருப்பிப் பார்த்தாள். முன்னெழுத்தைப் பார்த்தாள். ஊரைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“இது யாருக்கு வாங்கினது?”

“எந்தங்கச்சி பிள்ளைக்கு.”

“தங்கச்சி பேரு?”

“அமுதா.”

ரொம்ப நேரம் அந்தக் கோணல் எழுத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். “நீங்கதானா” என்றாள். அவ்வளவுதான். அதுவரைக்கும் ஆன்ட்டி. அதற்குப் பிறகு ஒன்றுமே சொல்லிக் கூப்பிடவில்லை. பெரியம்மா என்று வாய் தவறியாவது வந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“அப்பத்தா சொல்லியிருக்கு. எங்கம்மா செத்ததும் வீட்டுல இருந்த எல்லாச் சாமானையும் தூக்கிட்டுப் போயிட்டீங்களாம். அன்னைக்கு ராத்திரி எனக்குப் பால் குடுக்க, பக்கத்து வீட்டுல பாலாடை இரவல் வாங்கினாங்களாம்.”

எனக்குச் சுருக்கென்றது. “உங்கப்பத்தா ஆயிரம் சொல்லும். பிள்ளையக் கேட்டேன், குடுத்தாளா? அதச் சொன்னாளா?” என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன் போல. மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன.

அவள் சத்தம் போடவில்லை. பாலாடையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, “இத மட்டும் நான் எடுத்துக்கட்டா? எங்கம்மா கை பட்டதுன்னு எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல” என்றாள்.

எடுத்துக்கடா என்று சொல்ல வேண்டியதுதானே என்று பார்க்கிறீங்க. எல்லாரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். யாவாரம் தெரியாத பார்வை. ஒரு சாமானை ஒருத்தி ஆசையாகக் கேட்கிறாள், உடனே தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் எதற்கு வருவாள்? என் கையில் இருந்தது அது ஒன்றுதான் தம்பி. அதை விட்டால் அவளை இழுத்து வர என்னிடம் என்ன இருக்கிறது?

அதனால்தான், “பேரு உன்னுது. சாமான் என்னுது” என்றேன். “வீட்டுக்கு வா. தீபாவளிக்கு வந்து ரெண்டு நாள் தங்கு. உனக்குப் பட்டுப்பாவாடை எடுத்து வச்சிருக்கேன், வருசா வருசம் எடுத்து வச்சிருக்கேன். வந்துட்டு, போகும்போது இத எடுத்துட்டுப் போ” என்றேன்.

முதல் விலை எப்போதும் கூட்டித்தானே சொல்வோம். அவள் குறைத்துக் கேட்கணும். தீபாவளி முடியாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். ஒரு நேரம் சாப்பிட வருகிறேன் என்றால்கூடச் சரி என்றிருப்பேன். அந்தப் பிள்ளைக்குப் பேரம் பேசவே தெரியவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படியே தாம்பாளத்தில் திருப்பி வைத்தாள். அட்டையை எடுத்தாள். நின்றபடியே எழுதினாள். படித்துப் பாருங்க, அதோ. ‘பாலாடை. எவர்சில்வர். வெட்டியுள்ள பெயர்: நிவேதா. உரிமையாளர்: சீனியம்மாள்.’ குண்டு குண்டாய் என்ன அழகான எழுத்து பார்த்தீங்களா.

பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். இந்த மாடிப்படிதான். என் கடைக்கு இரண்டு படி. இங்கே எத்தனை இருக்கிறது பாருங்க. ஒவ்வொரு படியிலும் இப்போது திரும்புவாள், இப்போது திரும்புவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்திருந்தால் தூக்கிக் கொடுத்திருப்பேன் தம்பி. எல்லாவற்றையும் கொடுத்திருப்பேன். அண்டாவோடு கொடுத்திருப்பேன். வாய்வரைக்கும் பேர் வந்துவிட்டது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அவள்தானே.

தலை மறைந்துவிட்டது. கீழே லைப்ரரி கதவுச் சத்தம் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்னவோ. காலேஜ் பக்கம் எனக்கு ஒரு வேலை இருந்தது, போனேன். இன்னொரு நாளும் அந்தப் பக்கம் ஒரு வேலை. கூட்டத்தில் ஒரு தடவை பார்த்தேன். அவளும் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். பஸ் நடுவில் வந்துவிட்டது.

ஜெபமணி சார் நேற்று சொன்னார்: “அம்மா, அதக் குடுத்துருங்க. பேரு அந்தப் பிள்ளையோடதுதான?” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சார், உங்க லைப்ரரி புஸ்தகத்த ஒருத்தன் எடுத்துட்டுப் போயி எத்தன வருசம் வச்சிருந்தாலும் விட்டுருவீங்களா? முத்திரை குத்தியிருக்கு, எங்க சாமான்னு திருப்பிக் கேக்குறீங்கல்ல?” என்றேன்.

அவர், “அதத்தாம்மா நானும் சொல்றேன்” என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று நான் அப்புறம் யோசிக்கவே இல்லை. படித்தவர்கள் இப்படித்தான், பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பாருங்க, தாசில்தார் வீட்டு ஆட்கள் உருளியைத் தூக்க வந்துவிட்டார்கள். பூட்டப் போகிறார்கள். மணி அடித்தால் நீங்களும் கிளம்ப வேண்டியதுதான்.

தம்பி, ஒரு நிமிஷம். உங்கள் பஸ் கமுதியில் டீக்கு நிற்கும் இல்லையா? எதிரிலேயே சௌந்தர் கடை. வீடு கடைக்குப் பின்னாலேதான். நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல் சொன்னதுதான். நீங்கள் மிதிக்கலாம், உங்களுக்கென்ன. பெட்டி பூட்டவில்லை, இருங்க, எடுக்கிறேன். இந்தக் காகிதத்தில் சுற்றிக்கொள்ளுங்க. வேண்டாம், காகிதம் வேண்டாம், மை ஒட்டும். இந்தக் கைக்குட்டையில் வையுங்க.

அவள் கையில் கொடுங்க. அந்தக் கிழவி கையில் கொடுத்துவிடாதீங்க. கொடுத்துவிட்டு, தீபாவளிக்கு வரச் சொன்னேன் என்று சொல்லுங்க.

இல்லை, தீபாவளி வேண்டாம். அப்பாவோடு இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும் என்று சொல்லுங்க. சாப்பிடக்கூட வேண்டாம். கடை வாசலில் வந்து நின்றுவிட்டுப் போகட்டும். படி ஏறக்கூட வேண்டாம்.

சரி, அதுவும் வேண்டாம். போனில் ஒரு வார்த்தை. பெரியம்மா, கிடைத்தது என்று. பெரியம்மா என்று சொல்ல வேண்டாம், கிடைத்தது என்று சொன்னால் போதும். இந்தாங்க என் கடைப் பில், நம்பர் இதில் இருக்கிறது.

இருங்க, இருங்க. எதுவுமே கேட்காதீங்க. சும்மா கொடுத்துவிடுங்க. யார் கொடுத்தார்கள் என்று அவளுக்கே தெரியும். வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போவாள் இல்லையா, அப்போது நடையில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாளா என்று மட்டும் பாருங்க. பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்க தம்பி.

பார்க்கவில்லை என்றாலும், பார்த்தாள் என்றே சொல்லுங்க.